5ஆம் ஸ்குவாட்ரனின் பதிவேடுகளைத் திறந்துவையுங்கள்

பெறுநர்: பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு மற்றும் இந்திய விமானப் படைத் தலைமையகம், புது தில்லி.

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

இந்திய விமானப் படையின் 5ஆம் ஸ்குவாட்ரன் 1948 நவம்பரில் கான்பூரில் தொடங்கப்பட்டது. 1981இல் ஜாகுவார் விமானங்களுக்கு மாறும்வரை அது குண்டுவீச்சு ஸ்குவாட்ரனாகவே இருந்தது. முதலில் லிபரேட்டர், பிறகு கேன்பரா என்று இரண்டு வகை விமானங்களை ஓட்டிய அந்தப் பிரிவு, காங்கோவிலும் 1965, 1971 போர்களிலும் குண்டு சுமந்து பறந்தது. அதனோடு சேர்ந்து 16ஆம், 35ஆம் ஸ்குவாட்ரன்களும் ஆக்ராவில் இருந்த ஜெட் குண்டுவீச்சு விமானப் பயிற்சிப் பிரிவும் அதே வேலையைச் செய்தன. இந்தப் பிரிவுகள் ஒவ்வொன்றும் எழுதிவந்த செயற்பாட்டுப் பதிவேடுகளை, அதாவது எந்த நாளில் எந்த விமானம், யார் ஓட்டினார், யார் வழி கணித்தார், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் அல்லது திரும்பவில்லை என்பதைக் குறித்துவைத்த ஏடுகளை, 1971 டிசம்பர் வரைக்குமாவது தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிப் பொதுமக்கள் படிக்கும்படி மின்வடிவில் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

இது புதிய சலுகை எதையும் கேட்பதல்ல. 2021 ஜூன் மாதம் பாதுகாப்பு அமைச்சகம், போர் வரலாறுகளைத் தொகுப்பதற்கும் ஆவணங்களின் இரகசியத் தடையை நீக்குவதற்கும் ஒரு கொள்கையை அறிவித்தது. முப்படைகளும் பிற அமைப்புகளும் தங்களுடைய போர் நாட்குறிப்புகளையும் செயற்பாட்டுப் பதிவேடுகளையும் வரலாற்றுப் பிரிவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டத்தையும் 1997ஆம் ஆண்டு விதிகளையும் சுட்டி, ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் திறக்கப்பட வேண்டும் என்றும், அதைவிடப் பழையவை வல்லுநர்களால் ஆராயப்பட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும் என்றும் அந்தக் கொள்கை கூறுகிறது. போர் வரலாறுகள் உரிய காலத்தில் எழுதப்பட வேண்டும் என்பதைத் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழுவும் பின்னர் என்.என். வோரா குழுவும் பரிந்துரைத்திருந்ததையும் அதே அறிவிப்பு நினைவூட்டியது. கேன்பரா ஸ்குவாட்ரன்கள் கடைசியாகக் குண்டு வீசிய பெரும் போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 25 ஆண்டுக் கணக்கை இரண்டு முறை போட்டாலும் அந்த ஏடுகள் திறந்தாக வேண்டியவை.

இந்த ஸ்குவாட்ரனின் கதையைக் காங்கோவிலோ பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்திலோ தொடங்காமல், பழைய இரும்பாகக் கிடந்த விமானங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, அமெரிக்காவிடம் பெற்றிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை இனி யாரும் பறக்கவிடக் கூடாது என்ற நோக்கத்தோடு சேதப்படுத்திக் கான்பூரில் விட்டுச் சென்றார்கள். அவற்றில் தேறக்கூடியவற்றைப் பொறுக்கியெடுத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிப்பது என்று இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் முடிவெடுத்தார்கள். சேதப்பட்ட அந்தப் பெரிய நான்கு எஞ்சின் விமானங்களைப் பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்து, கான்பூரிலிருந்து பெங்களூர்வரை ஓட்டிச் சென்றவர் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. விடுதலை பெற்ற நாட்டின் முதல் கனரகக் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன் உருவானது அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கைவேலையால்தான். அவர்களுள் எத்தனை பேர் பெங்களூரிலும் கான்பூரிலும் எந்தப் பெயர்களோடு இந்த வேலையைச் செய்தார்கள் என்பது பதிவேடுகள் திறக்கப்படும்போதுதான் தெரியவரும்.

1957 ஜனவரியில் இந்தியா பிரிட்டனிடம் கேன்பரா விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. 54 குண்டுவீச்சு விமானங்கள், 8 ஒளிப்பட உளவு விமானங்கள், 6 பயிற்சி விமானங்கள் என்பது முதல் ஒப்பந்தத்தின் அளவு. அந்த ஆண்டிலேயே 5ஆம் ஸ்குவாட்ரன் புதிய விமானத்துக்கு மாறத் தொடங்கியது. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் ஜெட் எஞ்சின்கள், வயிற்றுப் பகுதியில் குண்டறை, தேவைப்பட்டால் அங்கேயே பொருத்திக்கொள்ளக்கூடிய நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆகியவை கொண்ட இந்த விமானத்தில் இருவர் பறந்தார்கள். விமானியின் இருக்கை போர் விமானத்தில் இருப்பதுபோல மேலே, இடது பக்கம் தள்ளி, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். நேவிகேட்டரின் இடமோ கீழே, விமானத்தின் மூக்குக்குள். வழி கணிப்பதும், இலக்கை நெருங்கும்போது முன்புறக் கண்ணாடிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் குண்டு விடும் கணத்தைக் குறிப்பதும் அவர் வேலை. விமானம் அடிபட்டால் விமானி தன் இருக்கையோடு வெளியே எறியப்பட்டுக் குடையில் இறங்கலாம்; நேவிகேட்டருக்கு அத்தகைய இருக்கையே கிடையாது. தீப்பிடித்துச் சுழன்று விழும் விமானத்தில், தன் இடத்திலிருந்து நகர்ந்து கதவைத் திறந்து அவர் குதித்தாக வேண்டும். தாழப் பறக்கும் விமானத்தில் அதற்கு அநேகமாக நேரமே இருக்காது.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேன்பராவின் ஒவ்வொரு தாக்குதலையும் படிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நம்முடைய நூல்களும் நினைவுக் கட்டுரைகளும் பெரும்பாலும் விமானியின் பெயரால், அதுவும் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய விமானியின் பெயரால் கதையைச் சொல்லிவிடுகின்றன. அந்த விமானத்தின் மூக்கில் உட்கார்ந்திருந்தவர் யார் என்ற கேள்விக்குப் பல இடங்களில் விடை கிடைப்பதில்லை. பதிவேட்டில் இரண்டு பெயர்களும் ஒரே வரியில் அடுத்தடுத்து இருக்கும். அதுதான் அந்த ஏட்டின் அருமை.

காங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 செப்டம்பரில் கட்டாங்கா மாகாணத்தில் ஐக்கிய நாடுகள் படை நடவடிக்கை எடுத்தபோது, பிரிவினைத் தலைவர் ஷோம்பேயின் கையிலிருந்த ஒரேயொரு ஃபூகா மாஜிஸ்டர் ஜெட் விமானம் ஐ.நா. துருப்புகளை நாள்கணக்கில் திணறடித்தது. எதிர்த்துப் பறக்க ஐ.நா.விடம் ஒரு போர் விமானமும் இல்லை. அந்த மாதம் 18ஆம் தேதி ஐ.நா. பொதுச் செயலாளர் டாக் ஹாமர்ஷீல்ட் இண்டோலா அருகே விமான விபத்தில் இறந்தார். அந்த நெருக்கடியில் உறுப்பு நாடுகளிடம் போர் விமானங்கள் கேட்கப்பட்டன. ஸ்வீடன், எத்தியோப்பியா ஆகிய நாடுகள் ஜெட் சண்டை விமானங்களை அனுப்பின. நீண்ட தூரம் சென்று குண்டு வீசக்கூடிய விமானங்களை அனுப்பியது இந்தியா. 5ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு கேன்பராக்கள் அக்டோபரில் ஆக்ராவிலிருந்து புறப்பட்டுச் சென்றன. டிசம்பரில் கோல்வேசி விமானத் தளத்தைத் தாக்கிக் கட்டாங்காவின் சிறு விமானப் படையைத் தரையிலேயே முடக்கியதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அதே டிசம்பர் 5ஆம் தேதி எலிசபெத்வில்லில் உயிர்நீத்த கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. அவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள், அறியவும் வேண்டும். ஆனால் அவர் போரிட்ட அதே களத்தின்மேல், ஊரும் காடும் மொழியும் அறியாத ஒரு கண்டத்தில், சரியான நிலப்படங்கள்கூட அரிதாக இருந்த நிலையில் வழி கணித்துப் பறந்த நேவிகேட்டர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்? அந்தக் காலத்து ஐ.நா. ஆவணங்களை நியூயார்க்கில் உள்ள அதன் காப்பகத்தில் ஆய்வாளர்கள் படித்து எழுதுகிறார்கள். நம் ஸ்குவாட்ரன் சென்ற பயணத்தை வேறோர் அமைப்பின் கோப்புகள் வழியாக நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

காங்கோவில் இவர்கள் இருந்த நாள்களிலேயே, டிசம்பர் 18ஆம் தேதி, கோவாவின் தாபோலிம் விமான நிலையத்தை வேறு கேன்பராக்கள் தாக்கின. விங் கமாண்டர் என்.பி. மேனன் தலைமையில் முதல் அலையில் 12 விமானங்கள் சென்றன. ஓடுபாதையை மட்டும் உடைக்க வேண்டும், முனையக் கட்டடத்துக்குச் சேதம் வரக்கூடாது என்பது உத்தரவு. அது பெருமளவு காக்கப்பட்டது. அதைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டிருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

1962 பற்றி நான் விரிவாகவே எழுத வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் சீனத்தோடு நடந்த போரில் இந்தியாவின் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன்கள் ஒரு குண்டைக்கூட வீசவில்லை. 106ஆம் ஸ்குவாட்ரனின் உளவுக் கேன்பராக்கள் எல்லைக்கு மேலே பறந்து படம் எடுத்தன. துருப்புக் காவி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஓய்வில்லாமல் உழைத்தன. ஆனால் தாக்கும் விமானங்கள் தளத்தில் காத்திருந்தன. பதிலுக்குச் சீனா கல்கத்தா போன்ற நகரங்களின்மேல் குண்டு வீசக்கூடும் என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். அமெரிக்கத் தூதர் கால்பிரெய்த்தும் தாக்குதல் விமானங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஆலோசனை கூறினார். நவம்பர் 19ஆம் தேதி பிரதமர் நேரு அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்கர்களே ஓட்டும் 12 சண்டை விமான ஸ்குவாட்ரன்களோடு, பி-47 குண்டுவீச்சு விமானங்கள் கொண்ட இரண்டு ஸ்குவாட்ரன்களையும் கேட்டார். தன்னிடம் போருக்கு ஆயத்தமாக நின்ற கேன்பராக்களைப் பயன்படுத்தாத ஒரு நாடு, கடல் கடந்து இன்னொரு நாட்டின் குண்டுவீச்சு விமானங்களைக் கேட்கும் நிலைக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வியை நான் குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்த வாரங்களில் ஆக்ராவிலும் புணேயிலும் ஸ்குவாட்ரன்கள் எந்த அளவு தயார்நிலையில் வைக்கப்பட்டன, என்னென்ன இலக்குகளுக்குத் திட்டம் போடப்பட்டது, எப்போது நிறுத்தச் சொல்லப்பட்டது என்பதைப் பதிவேடுகள்தாம் நாள்வாரியாகச் சொல்ல முடியும். நேருவின் அந்தக் கடிதத்தையே அமெரிக்கக் காப்பகத்திலிருந்துதான் நாம் முழுமையாகப் படித்தோம். 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை வெளியிடத் தயங்குவதற்கு அரசு ஏதேதோ காரணங்கள் சொல்லலாம். ஒரு ஸ்குவாட்ரன் குண்டு வீசாமல் காத்திருந்த நாள்களின் குறிப்பைப் பூட்டிவைக்க அந்தக் காரணங்கள் எவையும் பொருந்தா.

1965 செப்டம்பரில் அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது. 6ஆம் தேதி மாலை நம்முடைய பதான்கோட் தளத்தைப் பாகிஸ்தான் விமானங்கள் தாக்கின. அன்றிரவிலிருந்தே கேன்பராக்கள் பாகிஸ்தானின் விமானத் தளங்களை நோக்கிப் பறக்கத் தொடங்கின. பகலில் போனால் பாகிஸ்தானின் சேபர், ஸ்டார்ஃபைட்டர் சண்டை விமானங்களுக்கு எளிய இரையாகிவிடும் என்பதால் இரவே அவற்றின் வேளையாயிற்று. செயற்கைக்கோள் வழிகாட்டுதல் இல்லாத காலம் அது. திசைகாட்டி, வேகம், கடிகாரம், காற்றின் போக்கைப் பற்றிய ஒரு கணிப்பு, நிலவிருந்தால் ஆற்றின் வளைவு ஆகியவற்றைக் கொண்டு நேவிகேட்டர் விமானத்தை இலக்குக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ரேடாரின் கண்ணில் படாமல் இருக்கத் தாழப் பறந்து, இலக்கை நெருங்கியதும் மேலே ஏறிக் குண்டு விட்டு, மறுபடியும் இறங்கி வந்த வழியே விரைவார்கள். ஒரு நிமிடப் பிழை என்பது பல கிலோமீட்டர் பிழை.

செப்டம்பர் 13ஆம் தேதி இரவு பெஷாவரைத் தாக்கச் சென்றது அந்தப் போரின் துணிச்சலான பறப்புகளுள் ஒன்று. ஆக்ராவிலிருந்து பெஷாவர் நேர்வழியில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். போகும் வழியில் பாகிஸ்தானின் முதன்மையான தளங்கள் எல்லாம் இருக்கின்றன. பாகிஸ்தான் தன்னுடைய பி-57 குண்டுவீச்சு விமானங்களை, அதாவது கேன்பராவின் அமெரிக்க வடிவங்களை, அங்கே நெருக்கமாக நிறுத்தி வைத்திருந்தது. ஒரு 4,000 பவுண்டு குண்டு அந்த வரிசைக்கு மிக அருகே விழுந்தது. ஆனால் மண் இளகலாக இருந்ததால் வெடிப்பின் வேகம் மேல்நோக்கிப் போய்விட்டது, விமானங்கள் தப்பின. பாகிஸ்தான் தரப்பில் எழுதியவர்களும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். 5ஆம் ஸ்குவாட்ரனின் தலைவராக இருந்த விங் கமாண்டர் பிரேம் பால் சிங் இந்தப் போரில் மகாவீர் சக்ரா பெற்றார். அந்த இரவைப் பற்றிய பாகிஸ்தான் விமானிகளின் நினைவுகளை என்னால் படிக்க முடிகிறது. சென்று திரும்பிய நம்முடைய ஒவ்வொரு குழுவும் தரையிறங்கியபின் என்ன அறிக்கை கொடுத்தது என்பதைப் படிக்க முடியவில்லை. குண்டு எங்கே விழுந்ததாக அவர்கள் நினைத்தார்கள், பின்தொடரும் விமானத்தைக் காட்டும் வால்பகுதி எச்சரிக்கைக் கருவி எப்போது ஒலித்தது, எவ்வளவு எரிபொருளோடு திரும்பினார்கள் என்பவை எல்லாம் அந்த ஓர் இரவின் பக்கங்களில் இருக்கும்.

செப்டம்பர் 21ஆம் தேதி நடந்தவற்றை மட்டும் பார்த்தாலே போதும், நான் ஏன் இந்த ஏடுகளைக் கேட்கிறேன் என்பது விளங்கும். அன்று 16ஆம் ஸ்குவாட்ரனின் கேன்பராக்கள் சிந்து மாகாணத்தின் பதீன் ரேடார் நிலையத்தைப் பகலிலேயே தாக்கின. சிலர் உயரத்திலிருந்து குண்டு வீச, ஸ்குவாட்ரன் தலைவர் விங் கமாண்டர் பீட்டர் வில்சன் தாழப் பறந்து வந்து ராக்கெட்டுகளால் ரேடாரின் கூண்டைத் தாக்கினார். இந்தத் தாக்குதல் புகழ்பெற்றது. அதே தேதியில், இரவில் சென்று திரும்பிக்கொண்டிருந்த ஒரு கேன்பராவைப் பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தியது. விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் பிழைத்தார். சிறைப்பட்டுப் பின்னர் நாடு திரும்பினார். நேவிகேட்டர் ஃப்ளையிங் ஆஃபீசர் கே.கே. கபூர் வெளியேற முடியாமல் இறந்தார். போர் நிறுத்தம் வருவதற்கு இரண்டு நாள்களே இருந்தன. அந்தப் போரில் எத்தனை இரவுகள் அவர் பறந்தார், யார் யாரோடு பறந்தார், எந்தெந்த இலக்குகளுக்கு வழி கணித்தார் என்பதை அவருடைய ஸ்குவாட்ரனின் ஏடு அறியும். நாட்டுக்கும் அது தெரிய வேண்டும்.

தரையில் இருந்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. செப்டம்பர் 7ஆம் தேதி கலைகுண்டா தளத்தின்மேல் டாக்காவிலிருந்து வந்த சேபர்கள் தாக்கியபோது, சிட்டகாங் சென்று திரும்பி நின்றிருந்த கேன்பராக்கள் நிலத்திலேயே எரிந்தன. எரியும் விமானங்களுக்கு நடுவே வேலை செய்தவர்கள் குண்டு பொருத்துவோரும் எஞ்சின் பார்ப்போரும் தீயணைப்போருமாகிய விமானப் படை வீரர்கள். விருதுப் பட்டியல்களில் அவர்களின் பெயர்கள் அரிதாகவே வருகின்றன.

1971இல் கேன்பரா பழைய விமானமாகிவிட்டது. ஆயினும் டிசம்பர் 3ஆம் தேதி இரவு, பாகிஸ்தானின் முதல் தாக்குதலுக்குச் சில மணி நேரத்துக்குள், மேற்குத் தளங்களுக்கு அவையே முதலில் பதிலடி கொடுக்கச் சென்றன. 16ஆம் ஸ்குவாட்ரனின் தலைவர் விங் கமாண்டர் பத்மநாப கௌதம், 1965இல் பெற்ற மகாவீர் சக்ராவோடு இன்னொரு முறையும் அதே விருதைப் பெற்றார். மியான்வாலி தளத்தையும் மாண்ட்கோமரி–ராய்விண்ட் ரயில் முனையங்களையும் தாழப் பறந்து தாக்கியதற்காக அது வழங்கப்பட்டது. மறு ஆண்டே அவர் புணேயில் மிக்-21 விபத்தில் இறந்தார். உளவுக் கேன்பராக்களின் 106ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்றிருந்த விங் கமாண்டர் ரமேஷ் சகாராம் பெனகல், ரங்கூனில் பிறந்து நேதாஜியின் படைக்காக ஜப்பானில் விமானப் பயிற்சி பெற்றவர். அவருக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. குண்டுவீச்சு விமானங்கள் போதாத நிலையில், சரக்கு ஏற்றும் ஆன்டனோவ்-12 விமானங்களின் பின்கதவு வழியாகக் குண்டுகளை உருட்டிவிட்ட 44ஆம் ஸ்குவாட்ரனையும் இந்த வரலாற்றில் சேர்த்தே பேச வேண்டும். சங்கா மங்கா காட்டில் இருந்த வெடிமருந்துக் கிடங்கை அவர்கள் தாக்கியது பாதுகாப்புக் கருவி ஏதும் இல்லாத மெதுவான விமானங்களில்.

பெருமைக்குரிய பக்கங்களை மட்டும் வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. குண்டு விழுந்த இடத்தில் இருந்தவர்களுக்கும் இந்த வரலாற்றில் உரிமை உண்டு. 1971 டிசம்பரில் ஓர் இரவு டாக்காவில் தேஜ்காவ் விமானத் தளத்துக்கு அருகே இருந்த அநாதை இல்லம் ஒன்றின்மேல் குண்டுகள் விழுந்து குழந்தைகள் பலர் இறந்தார்கள். இந்திய விமானம் என்று பாகிஸ்தான் சொன்னது. டாக்காவில் இருந்த ஐ.நா. அதிகாரிகளும் அயல்நாட்டவரும் சிலர், பாகிஸ்தான் விமானமே அதைச் செய்தது என்று கருதினார்கள். அந்த இரவில் நம்முடைய எந்த விமானங்கள் டாக்காவின்மேல் எத்தனை மணிக்கு இருந்தன, எந்த உயரத்தில், எந்தக் குண்டோடு இருந்தன என்பதைப் பதிவேடுகள் சொல்லும். விடை நமக்குச் சாதகமாக இருந்தால் ஒரு பழி நீங்கும். பாதகமாக இருந்தால் அந்தக் குழந்தைகளின் உறவினர்களுக்கு நாம் கடன்பட்ட உண்மை அது. எந்த வகையிலும் மூடிவைப்பதற்கு நியாயம் இல்லை. கராச்சியின் கீமாரி எண்ணெய்க் கிடங்குகளுக்குத் தீ வைத்தது விமானப் படையா கடற்படையா என்று நெடுங்காலமாக நடக்கும் வாதத்துக்கும் இதே மருந்துதான். இரண்டு படைகளின் நேரக் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் தீர்ந்துவிடும் வழக்கை, ஓய்வுபெற்றவர்களின் நினைவுகளை நம்பி நடத்திக்கொண்டிருக்கிறோம்.

பாதுகாப்பு நலன் என்ற காரணத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் லிபரேட்டர்கள் 1960களோடு போயின. கேன்பரா 2007 மே மாதம் ஆக்ராவில் விழா நடத்தி விடைகொடுக்கப்பட்ட விமானம். அதன் கடைசிப் போர்ப் பறப்பு 1999இல் கார்கிலின்மேல் நடந்தது; எஞ்சினில் ஏவுகணை தைத்த நிலையிலும் ஸ்குவாட்ரன் லீடர் பெருமாள் அதைப் பத்திரமாகத் தரையிறக்கினார். அந்தக் காலக் குண்டுகளும் வழிகாட்டும் முறைகளும் இன்று அருங்காட்சியகத்துக்கு உரியவை. உளவுத் தகவல் தந்தவர்களின் அடையாளம், இன்னும் பயன்பாட்டில் உள்ள ஏற்பாடு போன்றவை எந்தப் பக்கத்திலாவது இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் நிறுத்திவைத்து, ஏன் என்பதையும் எந்த ஆண்டில் மறுபடியும் பரிசீலிக்கப்படும் என்பதையும் அங்கே குறித்துவிடலாம். ஒரு பக்கத்துக்காக ஏடு முழுவதையும் மூடுவது முறையல்ல.

பிரிட்டிஷ் விமானப் படையின் ஸ்குவாட்ரன்கள் இரண்டாம் உலகப் போரில் எழுதிய செயற்பாட்டுப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில் மின்வடிவில் கிடைக்கின்றன. ஒரு லங்காஸ்டர் விமானத்தின் ஏழு பேர் கொண்ட குழு எந்த இரவில் எங்கே சென்றது என்பதை, அவர்களுள் ஒருவரின் பேத்தி வீட்டில் இருந்தபடியே பார்த்துவிடலாம். அந்தப் போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையினர் 55,573 பேர் இறந்தார்கள் என்ற கணக்கும், பெயர் பெயராக அவர்களைத் தேடும் வசதியும் இந்த ஏடுகளின்மேல் எழுந்தவை. அவற்றைக் கொண்டுதான் ஜெர்மானிய நகரங்களின்மேல் நடந்த குண்டுவீச்சைக் கடுமையாக விமர்சித்து எழுதுபவர்களும் எழுதுகிறார்கள். அதனால் அந்தப் படையின் மதிப்பு குறைந்துவிடவில்லை. நம் நாட்டிலோ, உங்கள் பிரிவு 1992இல் எழுதி முடித்த 1965 போர் வரலாறே நெடுநாள் உள்சுற்றுக்கு மட்டும் உரியதாக வைக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டளவில் இணையத்தில் கசிந்த பிறகுதான் பொதுமக்கள் கண்ணில் பட்டது. அதை எழுதிய ஆய்வாளர்களின் உழைப்பு உயர்ந்தது; அது முறையாக வெளிவந்திருந்தால் அந்த உழைப்புக்கு உரிய மரியாதையும் கிடைத்திருக்கும்.

காலம் நம்மிடம் அதிகம் இல்லை. 1965இல் 25 வயது இளைஞராகக் கேன்பராவின் மூக்கில் உட்கார்ந்து பறந்தவர் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். ஏட்டில் உள்ள சுருக்கமான ஒரு வரியை விரித்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. 'இலக்கு தெரியவில்லை, திரும்பினோம்' என்று ஒரு பக்கத்தில் இருந்தால், அன்று மேகமா, கருவிக் கோளாறா, எதிரி விமானமா என்பதை அவர்களிடம்தான் கேட்க முடியும். ஆகவே பதிவேடுகளை வெளியிடும் வேலையோடு, வாழ்ந்துகொண்டிருக்கும் விமானிகள், நேவிகேட்டர்கள், தரைப் பணியாளர்கள் ஆகியோரின் வாய்மொழியைப் பதிவுசெய்யும் வேலையையும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். முதலில் காகிதம், பிறகு மனிதர்கள் என்று வரிசைப்படுத்தினால் இரண்டாவது வேலைக்கு ஆள் இருக்கமாட்டார்கள். 2023இல் சண்டிகரில் திறக்கப்பட்ட விமானப் படை பாரம்பரிய மையம் இந்தப் பணிக்கு ஏற்ற இடமாக இருக்கும்.

எல்லா ஸ்குவாட்ரன்களின் ஏடுகளையும் ஒரே ஆண்டில் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை அறிவேன். 5ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து தொடங்குங்கள்: காங்கோவுக்குப் புறப்பட்ட 1961 அக்டோபர் முதல் 1971 டிசம்பர் வரை. அதன்பின் 16, 35, 106 ஆகியவற்றையும் பயிற்சிப் பிரிவையும் எடுத்துக்கொள்ளலாம். 5ஆம் ஸ்குவாட்ரனின் ஏடுகள் உங்கள் பிரிவுக்கு வந்து சேர்ந்துவிட்டனவா, எந்த ஆண்டுகளுக்கு உரியவை காணவில்லை அல்லது சிதைந்துவிட்டன, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எப்போது செல்லும் என்பவற்றை முதற்படியாக ஒரு பட்டியலாக வெளியிடுமாறு வேண்டுகிறேன். அந்தப் பட்டியலை வெளியிடப் புதிய குழுவோ பெரிய செலவோ தேவையில்லை. 2021ஆம் ஆண்டுக் கொள்கையே அதற்குப் போதுமான ஆணை.

மதிப்புடன்,
இந்திய வான்படை வரலாற்றின் வாசகர் ஒருவர்